புள்ளிக் கோலமும் இருபடிக் கோவையும்



பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் பாடம் ‘உறவுகளும் சார்புகளும்’. ஒரு சார்பை நான்கு விதமாகக் காட்டலாம் என்று அதில் கற்கிறோம். வரிசைச் சோடிகளின் கணமாக எழுதலாம்; அட்டவணையாக அமைக்கலாம்; அம்புக்குறிப் படமாக வரையலாம்; வரைபடத் தாளில் குறிக்கலாம். தேர்வில் இவ்வினா வந்தால் நான்கையும் வரிசையாக எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவது நம் வழக்கம். நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒன்றையே ஏன் நான்கு முறை எழுத வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை. அக்கேள்வியை எனக்குள் எழுப்பியவள் எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு தங்கை.

இவ்வாண்டு எங்கள் கணித மன்றத்தில், பத்தாம் வகுப்பு மாணவியர் ஒவ்வொருவரும் கீழ் வகுப்புத் தங்கை ஒருத்திக்கு மாலையில் அரைமணி நேரம் கணக்குச் சொல்லித் தர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. எனக்குக் கிடைத்தவள் வகுப்புத் தேர்வில் 100-க்கு 17 வாங்கியிருந்தாள். அவளுடைய தாயார் நாவலூரில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி எழுந்துள்ள அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்கிறார். “கணக்கு வரலேன்னா பத்தாவது தாண்ட முடியாது, அதோட நிறுத்திடலாம்னு அம்மா சொல்றாங்க” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அழவில்லை. முடிந்துபோன செய்தியைச் சொல்வது போலச் சொன்னாள். அது எனக்கு அழுகையைவிடக் கடினமாக இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். முற்றொருமைகளை உரக்கச் சொல்லி, அவளையும் சொல்ல வைத்தேன். ஒரு வாரத்தில் அவள் செபம் சொல்வது போல் அவற்றைப் பிழையின்றி ஒப்பித்தாள். பிறகு ஒரு கணக்கைக் கொடுத்தேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். “அக்கா, இந்த எக்ஸ் எங்கேருந்து வந்துது?” என்றாள். “அது தெரியாத எண்” என்றேன். “தெரியாததை எப்படிக்கா கூட்டறது?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் மாதா கெபிக்கு முன்னால் உள்ள சிமெண்டுத் தரையில் அவள் சாக்கட்டியால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மார்கழியில் தாயாருடன் சென்று மாடி வீட்டு வாசல்களில் கோலமிடுவாளாம். அங்கே 5 புள்ளிக்கு மேல் இடம் கிடையாதாம். ஆகையால் இங்கே ஆசை தீர 7 புள்ளி வைத்தாள். நடுவில் 7, அதன் மேலும் கீழும் 5, பிறகு 3, கடைசியில் 1. நேர்ப்புள்ளி என்று நம் வீடுகளில் சொல்லும் முறை இதுவே. எண்ணாமலே கை போட்டது.

“மொத்தம் எத்தனை புள்ளி?” என்று கேட்டேன். எண்ணி, 25 என்றாள். “9 புள்ளிக் கோலமானால்?” என்றேன். நான் மனத்திற்குள் 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1 என்று வரிசை வரிசையாகக் கூட்டத் தொடங்கினேன். நான் முடிப்பதற்குள் அவள் “41” என்றுவிட்டாள். எனக்கு வியப்பாக இருந்தது. எப்படி என்றேன். “இந்தக் கோலத்தைச் சுத்தி இன்னொரு சுத்து வெச்சா 9 புள்ளி ஆயிடும். நாலு பக்கம், பக்கத்துக்கு நாலு. 16 கூட” என்றாள்.

தோழியரே, ஒரே கோலத்தை நான் வரிசைகளாகப் பார்த்தேன். அவள் சுற்றுகளாகப் பார்த்தாள். அவள் வழியே சுருக்கமான வழி. கணக்கு வராது என்று தன்னைத் தானே தள்ளி வைத்திருந்த பெண், வகுப்பில் நன்றாகப் படிப்பவள் என்று பெயர் வாங்கிய என்னை முந்திவிட்டாள்.

அன்று முதல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கோலத்திலிருந்தே தொடங்கினோம். முதலில் அட்டவணை. நடு வரிசையில் உள்ள புள்ளி 1, 3, 5, 7, 9 என்றால், மொத்தப் புள்ளிகள் முறையே 1, 5, 13, 25, 41. அடுத்தடுத்த எண்களின் வேறுபாடு 4, 8, 12, 16. அவள் சொன்ன ‘சுற்று’ இதோ இங்கே எண்ணாக நிற்கிறது. கோலத்தில் கண்டதை அட்டவணையில் அவளே கண்டுபிடித்து விரலை வைத்தாள்.

அடுத்து இரண்டு வண்ணச் சாக்கட்டி எடுத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு வெள்ளை, சிவப்பு என்று மாற்றி மாற்றி வண்ணம் கொடுத்தோம். தலையைச் சற்றே சாய்த்துப் பார்த்தால் அற்புதமாக இருந்தது. 7 புள்ளிக் கோலத்திற்குள் சாய்ந்து நிற்கும் இரண்டு சதுரங்கள்! ஒன்றில் பக்கத்துக்கு 4 வீதம் 16 புள்ளி. அதன் இடைவெளிகளில் இன்னொன்று, பக்கத்துக்கு 3 வீதம் 9 புள்ளி. 16-உம் 9-உம் 25. ஐந்து புள்ளிக் கோலத்தில் 9-உம் 4-உம் 13.

இங்கேதான் எழுத்தைக் கொண்டுவந்தேன். கோலத்தின் சாய்ந்த ஓரத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை ‘ஓ’ என்று வைத்துக்கொள்வோம் என்றேன். 7 புள்ளிக் கோலத்தில் ஓ என்பது 4. மொத்தப் புள்ளிகள்: ஓ² + (ஓ − 1)². விரித்தால் 2ஓ² − 2ஓ + 1. நம் இருபடிக் கோவையேதான்!

விரிப்பதில்தான் அவளுக்கு வழக்கமாக இடறும். (ஓ − 1)² என்பதை ஓ² − 1 என்று எழுதிவிடுவாள். பத்து முறை திருத்தியும் பயனில்லை. இப்போது 4-க்கு 4 சதுரமாக 16 புள்ளி வைத்து, அதைப் பக்கத்துக்கு 3 உள்ள சதுரமாகக் குறைக்கச் சொன்னேன். மேல் வரிசையில் 4 புள்ளியை அழித்தாள். வலப்பக்கத்து நிரலில் 4 புள்ளியை அழிக்கப் போனாள். அங்கே 3-தான் மீதி இருந்தது. மூலைப் புள்ளி ஏற்கெனவே போய்விட்டது! அதாவது 4-ஐ இரண்டு முறை கழித்தால் மூலையை இரண்டு முறை கழித்தவர்கள் ஆகிறோம். ஆகவே 1-ஐத் திருப்பித் தர வேண்டும். 16 − 8 + 1 = 9. “அதுக்குத்தான் கடைசியில கூட்டல் ஒண்ணா!” என்று கை கொட்டினாள். அந்தக் கூட்டல் ஒன்றை நான் எட்டாம் வகுப்பு முதல் எழுதி வருகிறேன். அது எதற்காக அங்கே நிற்கிறது என்று எனக்கும் அன்றுதான் கண்ணால் தெரிந்தது.

இவ்வளவும் நன்றாக நடந்தது என்று எண்ணி மகிழ்ந்திருந்தபோது ஒரு தவறு வெளிப்பட்டது. அது என் தவறு. வேறொரு கணக்கிற்குப் போனோம். தீக்குச்சிகளால் ஒட்டினாற்போல் சதுரங்கள் அமைக்கும் கணக்கு. ஒரு சதுரத்துக்கு 4 குச்சி, இரண்டுக்கு 7, மூன்றுக்கு 10. பத்துச் சதுரத்துக்கு எத்தனை என்றேன். “ஓ போடலாமாக்கா?” என்றாள். போடு என்றேன். விடையாக ஒரு எண்ணை எழுதினாள். ஓ என்ற இடத்தில் எல்லாம் 4 போட்டிருந்தாள். “ஓ-ன்னா நாலுதானே? ஓரம்!” என்றாள்.

அவள் மேல் குற்றமில்லை. ஓரம் என்ற சொல்லின் முதல் எழுத்தை எடுத்து நான் கொடுத்ததால், அவளுக்கு அது அந்தக் கோலத்தின் அந்த ஓரமாகவே ஒட்டிக்கொண்டுவிட்டது. எழுத்து என்பது ஒரு பொருளின் சுருக்கப் பெயர் அன்று. எண் வந்து அமரும் காலி இடம். இதை எங்கள் கணக்கு ஆசிரியை எனக்கு விளக்கினார். அதன் பின் எதற்கும் பெயராகாத ‘க’ என்ற எழுத்தை எடுத்துக்கொண்டோம். க-வுக்குக் கீழே 1, 2, 3, 4 என்று வரிசையாக எண்களை இட்டு அட்டவணை நிரப்பினாள். 3க + 1 என்று அவளே எழுதினாள். 10 சதுரத்துக்கு 31 குச்சி. படம் மட்டும் கையில் இருந்தால் எழுத்து ஓர் எண்ணிலேயே உறைந்துவிடுகிறது. அட்டவணையோ அதை நகர்த்துகிறது. இரண்டும் தேவை என்பது எனக்கு இப்படித்தான் விளங்கிற்று.

எக்ஸ் எங்கிருந்து வந்தது என்ற அவள் கேள்விக்கும் இப்போது விடை தேடினேன். தெரியாத எண்களுக்கு எழுத்து வரிசையின் கடைசி எழுத்துகளை வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் பிரெஞ்சு அறிஞர் ரெனே தெகார்த். 1637-இல் வெளிவந்த அவருடைய வடிவியல் நூலில் அது காணப்படுகிறது. சமன்பாட்டையும் கோட்டையும் ஒன்றாக இணைத்துக் காட்டிய நூலும் அதுவே. நாம் வரைபடத் தாளில் இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பது அந்த வழியில் வந்த முறையாகும்.

ஆகவே வரைபடத்தையும் விட்டுவைக்கவில்லை. 1-க்கு 1, 2-க்கு 5, 3-க்கு 13, 4-க்கு 25, 5-க்கு 41 என்று குறித்தோம். தீக்குச்சிக் கணக்கின் புள்ளிகள் நேர்கோட்டில் நின்றன. கோலக் கணக்கின் புள்ளிகளோ மேல்நோக்கி வளைந்து ஏறின. கோலம் சற்றே பெரிதானாலும் பொடி ஏன் அவ்வளவு செலவாகிறது என்று தன் தாயார் கேட்டதற்கு விடை அந்த வளைவில் இருப்பதாகத் தங்கை சொன்னாள். பெரிய கோலங்களில் ஓரம் இரு மடங்கானால் புள்ளி ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடுகிறதே!

புள்ளிகளை இணைத்துப் பரவளையம் வரைந்தேன். அப்போது நான் எதிர்பாராதது ஒன்று வந்தது. “இரண்டரைக்கு நேரா கோடு எட்டரையைக் காட்டுதே. எட்டரைப் புள்ளிக் கோலம் உண்டாக்கா?” உண்மைதான். சமன்பாட்டில் இட்டாலும் எட்டரைதான் வருகிறது. க-வுக்குப் பூச்சியம் போட்டாலும் மொத்தம் 1 என்கிறது. அரை போட்டால் அரைப் புள்ளி என்கிறது. ஓரமே இல்லாத கோலத்தில் புள்ளி ஏது? சமன்பாட்டுக்குத் தான் கோலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரியாது. கோலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள்தான் அதை நிறுத்த வேண்டும். சார்பகம், வீச்சகம் என்று நாம் மனப்பாடம் செய்யும் சொற்களின் வேலை இதுதான் என்பது அப்போது எனக்கு உறைத்தது. இணைத்த கோட்டை அழித்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் விட்டுவைத்தோம்.

படமும் ஏமாற்றக்கூடும். 16-உம் 9-உம் 25. 25 என்பது 5-இன் வர்க்கம். இதைப் பார்த்த என் வகுப்புத் தோழி ஒருத்தி, “பிதாகரஸ் தேற்றம்! எல்லாக் கோலத்திலும் இப்படித்தான் வரும்” என்று துள்ளினாள். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அட்டவணையில் 13 வர்க்க எண் அன்று, 41-உம் அன்று. பிறகு எப்போதுதான் வரும்? வர்க்க அட்டவணையை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் தேடினோம். க-வின் மதிப்பு 21 ஆகும்போது வந்தது. 441-உம் 400-உம் 841. அது 29-இன் வர்க்கம். நடுவரிசையில் 41 புள்ளி வைத்துக் கோலமிட்டால் மொத்தம் 841 புள்ளி. அதற்கடுத்தது க-வின் மதிப்பு 120 ஆகும்போது. மொத்தம் 28,561 புள்ளி, 169-இன் வர்க்கம். நம் பள்ளி மைதானமே போதாது. எந்தக் கோலத்தைப் பார்த்தும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. எண்களின் வரிசைதான் காட்டிற்று.

இடைப்புள்ளிக் கோலம் இன்னும் சுவையானது. நடுவில் 7, பிறகு இருபுறமும் 6, 5, 4 என்று இடைவெளியில் புள்ளி வைத்து 4-இல் நிறுத்துவோமே, அதில் மொத்தம் 37. அறுகோண வடிவம். சிறிதிலிருந்து தொடங்கினால் 1, 7, 19, 37. இவற்றைக் கூட்டிக்கொண்டே வாருங்கள்: 1, 8, 27, 64. எல்லாம் கன எண்கள்! தரையில் தட்டையாகக் கிடக்கும் கோலத்திற்கும் கன எண்ணுக்கும் என்ன உறவு? மழலையர் வகுப்பிலிருந்து கனசதுர மரக்கட்டைகள் 64-ஐ இரவல் வாங்கி, 4-க்கு 4-க்கு 4 ஆக அடுக்கினோம். அதன் மேல்மூலைக்கு நேரே கண்ணை வைத்துப் பார்த்தால் மூன்று முகங்கள் தெரிகின்றன, வெளிவடிவம் அறுகோணம். கண்ணுக்குத் தெரியும் கட்டைகளை எண்ணினால் 37. அவற்றை எடுத்துவிட்டால் உள்ளே 3-க்கு 3-க்கு 3 ஆக 27 கட்டைகள் நிற்கின்றன. அறுகோணக் கோலம் என்பது கனசதுரத்தின் மேல் போர்த்திய ஒரு தோல்! தங்கை கட்டைகளை அடுக்குவதும் உரிப்பதுமாக அன்று வீட்டுக்குப் போகவே மறந்துவிட்டாள்.

இப்படி ஒரு கருத்தைப் பல உருவங்களில் காட்டிக் கற்பிப்பது புதிதன்று. அமெரிக்க உளவியல் அறிஞர் செரோம் புரூனர் 1966-இல் வெளியிட்ட நூலில், அறிவு மனிதனுக்குள் மூன்று வகையில் இடம் பெறுகிறது என்றார்: செய்கையாக, படமாக, குறியீடாக. ஆசிரியர் பயிற்சியில் இதைப் பாடமாகவே படிக்கிறார்கள். இதை மூன்று படிகள் என்று எண்ணி, மேலே ஏறியதும் ஏணியை எடுத்துவிடலாம் என்று கருதுபவரும் உண்டு. என் சிறிய அனுபவத்தில், குறியீட்டிலிருந்து கோலத்திற்குத் திரும்பி வந்தபோதுதான் எங்களுக்கு அதிகம் கிடைத்தது.

புரூனருக்கு நெடுங்காலம் முன்பே நம் சென்னையில் சுந்தர ராவ் என்பவர் காகித மடிப்பால் வடிவியல் கற்பிக்கும் நூல் ஒன்றை 1893-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மழலையர் பள்ளிகளில் விளையாட்டாகச் செய்யும் காகித மடிப்பே தமக்கு இந்த எண்ணத்தைத் தந்தது என்று அவர் குறிப்பிட்டிருக்கிறார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அந்நூலை எடுத்துக் காட்டியதால் மேல்நாட்டில் அது அறியப்பட்டு, 1901-இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. அதில் உள்ள ஒன்றை நீங்களும் செய்து பார்க்கலாம். 10 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தாளின் நான்கு மூலைகளையும் நடுவுக்கு மடியுங்கள். தாள் எங்கும் இரட்டையாகிவிட்டதால் பரப்பு சரிபாதி, 50 ச.செ.மீ. அதன் பக்கம் 50-இன் வர்க்கமூலம். அளவுகோலை வைத்தால் 7 செ.மீ.க்கு மேல் ஒரு சிறு கோட்டுக்கும் குறைவாகக் காட்டும். முடிவில்லாத தசமமாக நம்மை அச்சுறுத்தும் எண் கையில் ஒரு மடிப்பின் விளிம்பாக அமைதியாக இருக்கிறது.

நமக்கு இன்னும் அருகில் ஒரு செய்தி உண்டு. நாவலூரிலிருந்து சோழிங்கநல்லூர், மேடவாக்கம் வழியாகச் சென்றால் தாம்பரம். அங்குள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. பழந்தமிழ்க் கல்வெட்டு எழுத்துகளைக் கணிப்பொறியால் ஆராய்ந்தவர், 1988-இல் மறைந்தார். அவரும், கணிதப் பேராசிரியை ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974-இல் கோலங்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். சொற்றொடருக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்திற்கும் இலக்கணம் உண்டு. சிறு கோலத்திலிருந்து பெருங்கோலம் வளரும் விதிகளை எழுதிவிடலாம் என்று காட்டினார்கள். நாங்கள் கோலத்திலிருந்து சமன்பாட்டுக்குப் போனோம். அவர்கள் கோலத்திலிருந்து மொழிக்குப் போனார்கள். “சுத்தி இன்னொரு சுத்து வெச்சா” என்று தங்கை சொன்னதும் ஒரு வளர்ச்சி விதிதானே! ஆராய்ச்சியாளர் மூவரில் இருவர் பெண்கள் என்பதை நான் அவளிடம் சொன்னேன். கோலம் போடுகிறவர்கள்தானே என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டாள்.

சென்னை இராயபுரத்தில் 1993-இல் இராமானுஜன் அருங்காட்சியகத்தை அமைத்த கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் அவர்களையும் இங்கே நன்றியுடன் குறிப்பிட வேண்டும். 2005-இல் மறைந்த அவர், இயற்கணிதம் என்பது வடிவங்களையும் அமைப்புகளையும் பேசும் ஒரு மொழி என்ற கருத்தில் மாணவருக்காக எழுதினார். நாங்கள் செய்த தீக்குச்சிக் கணக்கு அவ்வகையைச் சேர்ந்ததே.

இனி அரையாண்டு விடுமுறைக்குப் பின் நடந்ததைச் சொல்கிறேன். மார்கழி முழுவதும் கோலம் போட்டுவிட்டு வந்த தங்கை, ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். எல்லாம் சிக்குக் கோலங்கள். நீள்சதுரமாகப் புள்ளி வைத்து, இழை புள்ளிகளுக்கு இடையே சாய்வாக ஓடி, ஓரம் வந்ததும் கடைசிப் புள்ளியைச் சுற்றித் திரும்பும் எளிய கோலம். “3-க்கு 4 வெச்சா ஒரே இழையில முடிஞ்சிடுதுக்கா. 4-க்கு 6 வெச்சா ரெண்டு இழை வருது. ஏன்?” என்றாள். நான் சொல்லித் தராத கேள்வி. பக்கத்தில் அட்டவணையும் போட்டிருந்தாள்: 2-க்கு 3, ஓர் இழை, 2-க்கு 4, இரண்டு, 3-க்கு 3, மூன்று, 3-க்கு 5, ஒன்று, 3-க்கு 6, மூன்று, 4-க்கு 4, நான்கு.

அட்டவணையைப் பார்த்தவுடன் எனக்கு விடை தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவிருந்தேன், அடக்கிக்கொண்டேன். (அவளுக்குக் கணக்குச் சொல்லித் தந்ததில் எனக்கு மிகக் கடினமாக இருந்த வேலை இதுதான்.) இரண்டு நாள் கழித்து அட்டவணையின் அடியில் தன் நடையில் எழுதியிருந்தாள்: ‘ரெண்டு எண்ணையும் மீதியில்லாம வகுக்குற பெரிய எண்.’ மீப்பெரு பொது வகுத்தி! ஆறாம் வகுப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன ஒன்றை, அதன் பெயர் இன்னதென்று அறியாமலே கோலத்திலிருந்து எடுத்து வந்துவிட்டாள்.

“அப்படியானால் 6-க்கு 9 வைத்தால்?” என்றேன். ஒரு காகிதத் துண்டில் விடையை எழுதி, மடித்து என் கையில் கொடுத்தாள். மறுநாள் மாலை கெபிக்கு முன்னால் 54 புள்ளி வைத்தோம். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நான்கு டப்பா வண்ணப் பொடி வைத்திருந்தேன். ஓர் இழை புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்ததும் அடுத்த வண்ணம் என்பது ஏற்பாடு. சிவப்பு நெடுந்தூரம் சுற்றிவிட்டுத் தொடங்கிய புள்ளியில் வந்து மூடிற்று. நீலமும் அவ்வாறே. வேடிக்கை பார்க்க விடுதிப் பிள்ளைகள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். மஞ்சள் கடைசி மூலையைத் திரும்பி வந்து மூடியபோது, எந்தப் புள்ளியின் பக்கத்திலும் காலி இடம் இல்லை.

நான் காகிதத்தைப் பிரிக்கப் போனேன். “வேணாம்க்கா, 3-தான்” என்று சொல்லிவிட்டு, பச்சைப் பொடி டப்பாவைத் திறக்காமலே எடுத்து என் பையில் வைத்தாள்.